சார்ட்டர் படகில் தூண்டில் போட்டவர்களே, உங்கள் கதை என்ன? கனவுப் பயணம் எது?

கோவளம்_தூண்டில் (சென்னை) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் ஐந்து பேர். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் முட்டுக்காட்டில் கொடுவா கிடைக்குமா என்று தண்ணீரைப் பார்த்து நிற்கிற கூட்டம். இந்த வருஷம் மாசி மாதம் துணிந்து ஒரு ஃபைபர் படகைப் பேசிக் கடலுக்குள் போனோம். எட்டு மணி நேரத்தில் இரண்டு ஊழி மீன், உள்ளங்கை அகலத்தில் ஒரு பாறை மீன். ஒருவன் ஏறியதிலிருந்து இறங்கும்வரை வலைக்குவியல் மேலேயே படுத்துக் கிடந்தான். ஆனாலும் அந்த முதல் ஊழி இழுத்த இழுப்பில் ஐந்து பேருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. படுத்துக் கிடந்தவன்தான் இப்போது அடுத்தது எப்போது என்று தினமும் கேட்கிறான்.

டிசம்பர் கடைசியில் பத்து நாள் லீவு வருகிறது. தூண்டில்காரர்களுக்காகவே வாடகைக்கு ஓடும் சார்ட்டர் படகு, ராடு ரீல் எல்லாம் அவர்களே தருவது, அப்படி ஒன்றில் ஒரு தடவையாவது போக வேண்டும். மலேசியாவில் ரொம்பின் என்கிறார்கள், மயில் மீனுக்கு, அதாவது செயில்ஃபிஷுக்கு, அதுதான் இடமாம். இன்னொருவன் அந்தமான் என்கிறான். விலைப்பட்டியலும் படமும் இணையத்தில் வேண்டிய அளவு இருக்கின்றன. எனக்கு வேண்டியது ஏறி இறங்கியவர்களின் கதை. எது நன்றாக இருந்தது, எதில் ஏமாந்தீர்கள், பணமும் நாளும் இருந்தால் எங்கே போவீர்கள்?

என் கனவையும் சொல்லிவிடுகிறேன். பெரு நாட்டில் காபோ பிளாங்கோ. 1953 ஆகஸ்டில் ஆல்ஃபிரட் கிளாசெல் என்பவர் அங்கே 1,560 பவுண்டு கருப்பு மார்லின் மீன் ஒன்றைத் தூண்டிலில் பிடித்தார். எழுநூறு கிலோவுக்கு மேல். அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. நான் முறியடிக்கப் போவதில்லை, அந்தத் துறையில் நின்று ஒரு டீ குடித்தால் போதும்.

இரும்புப்பட்டறை (சிங்கப்பூர்) எழுதியது:

தம்பி, டிசம்பரில் ரொம்பினா? அதை முதலில் அடித்துவிடுங்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை தென்சீனக் கடலில் வடகிழக்குப் பருவக்காற்று. படகெல்லாம் ஆற்றுக்குள் கட்டிக் கிடக்கும். யாராவது அந்த மாதத்துக்கு முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரைதான் அங்கே மயில் மீனுக்கு நல்ல காலம்.

சரி, கதை கேட்டீர்கள். எனக்கு ஊர் மன்னார்குடிப் பக்கம். கடலே பார்க்காமல் வளர்ந்தவன். மூங்கில் குச்சி, நூல், மயிலிறகுத் தண்டை நறுக்கிய தக்கை, வரப்பில் தோண்டிய மண்புழு. குரவையும் கெண்டையும் வரும், எப்போதாவது ஒரு விரால் வந்தால் தெருவே பார்க்கும். இங்கே கப்பல் பட்டறைக்கு வெல்டராக வந்து பதினேழு வருஷம் ஆகிறது. கடலில் தூண்டில் போட இங்கேதான் கற்றுக்கொண்டேன்.

முதல் சார்ட்டர் அனுபவம் மோசம். எந்தத் துறை, எந்தப் படகு என்று சொல்லப்போவதில்லை. காலை ஏழிலிருந்து மாலை ஐந்து வரை என்று பேச்சு. ஆறு பேர் பணம் போட்டோம். படகுக்காரர் அரை மணி நேரம் ஓட்டி ஓர் இடத்தில் நங்கூரத்தைப் போட்டார். அதற்கப்புறம் நாள் முழுக்க போனில் நாடகம் பார்த்தார். இடம் மாற்றலாமா என்று கேட்டால், மீன் வரும், இரு என்பார். வந்ததெல்லாம் விரல் நீள சங்கரா. டீசல் மிச்சம் பிடிக்கிறார் என்று எங்களுக்குப் புரியவே மதியம் ஆகிவிட்டது. இரண்டு மணிக்கு மழை வரும் போலிருக்கிறது என்று சொல்லித் திருப்பிவிட்டார். மழை வரவில்லை. அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒரு சங்கராவுக்கு நான் கொடுத்த விலைக்கு தேக்கா மார்க்கெட்டில் ஒரு முழு வஞ்சிரம் வாங்கியிருக்கலாம்.

அதோடு விட்டிருப்பேன். 2016 செப்டம்பரில் பட்டறை ஆட்கள் ரொம்பினுக்கு ஒரு இடம் காலியாக இருக்கிறது என்று இழுத்துப் போனார்கள். நாங்கள் நான்கு பேர்: நான், எங்கள் பட்டறையின் மலாய் ஃபிட்டர் ஒருவர், பட்டுக்கோட்டைப் பையன் ஒருவன், பட்டறையின் சேஃப்டி ஆபீசர். இந்த சேஃப்டி ஆபீசர் சீனர், தலையில் தொப்பி இல்லாமல் கழிவறைக்குப் போனாலும் எழுதி வைத்துவிடுகிற மனிதர். வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குக் கிளம்பி, மலேசியாவுக்குப் போகிற பாலத்தைத் தாண்டவே இரண்டு மணி நேரம் ஆனது. அப்புறம் கோத்தா திங்கி, மெர்சிங், எண்டாவ் என்று செம்பனைக் காடுகளுக்கு நடுவே ஒரே இருட்டுச் சாலை. ரொம்பின் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. ஆற்றங்கரையில் ஒரு கடை திறந்திருந்தது. ரொட்டி சானாய் தட்டிக்கொண்டிருந்தவர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "தண்ணிக்கு முன்னாடி டீ குடிச்சிட்டுப் போங்க, பிற்பாடு நிக்காது" என்றார். அவருடைய தாத்தாவுக்குக் கடையநல்லூராம்.

படகு முப்பது அடி ஃபைபர், பின்னால் இரண்டு எஞ்சின். அந்தப் பக்கம் படகோட்டியைத் தெகோங் என்பார்கள். எங்கள் தெகோங் அறுபது வயது இருக்கும், என் தோளுக்குத்தான் வருவார். ஏறும்போது ஒரு கலாட்டா. என் மனைவி வழிக்கு என்று ஒரு சீப்பு பூவன் பழம் கட்டிக் கொடுத்திருந்தாள். பையிலிருந்து அது எட்டிப் பார்த்ததுதான் தாமதம், சேஃப்டி ஆபீசர் கத்தினார் பாருங்கள். தூண்டில் படகில் வாழைப்பழம் ஏறினால் மீன் வராதாம், படகே முழுகினாலும் முழுகுமாம். உலகம் முழுக்க சார்ட்டர் படகுகளில் இந்த நம்பிக்கை உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரியும். நம் ஊரில் வாழைப்பழம் இல்லாமல் புதுப் படகை இறக்குவார்களா? சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. தூக்கிப்போடவும் மனசு வரவில்லை. துறையிலேயே நின்று நானும் பட்டுக்கோட்டைப் பையனும் பதினொரு பழத்தையும் தின்று முடித்தோம். தோலைக்கூட கரையில்தான் போட வேண்டும் என்று அவர் காவல் நின்றார். முகத்துவாரம் தாண்டி முதல் அலை தூக்கியதும் அந்தப் பழங்கள் என்ன ஆயின என்று விளக்க வேண்டியதில்லை.

முகத்துவாரத்தில் மணல் மேடு. வற்றிய நேரத்தில் படகு தட்டிவிடும். தெகோங் எழுந்து நின்று, தண்ணீரின் நிறத்தைப் பார்த்துப் பார்த்து வளைத்து வளைத்து வெளியே கொண்டு போனார். முக்கால் மணி நேரம் ஓடி ஓர் உன்ஜம்முக்கு வந்தோம். தென்னை மட்டைகளைக் கயிற்றில் கட்டி, அடியில் பாரம் வைத்துக் கடலில் இறக்கியிருப்பார்கள். அந்த நிழலுக்குச் சின்ன மீன் கூடும். அங்கே அப்போலோ என்று ஒரு சரம். ஒரே தூண்டில் நரம்பில் ஏழெட்டுக் குட்டிக் கொக்கி, ஒவ்வொன்றிலும் மினுமினுப்பாக ஒரு துணுக்கு. இறக்கி ஏற்றினால் கும்புளா நாலைந்தாகத் தொங்கிக்கொண்டு வரும். எனக்கு அதுவே போதும் போலிருந்தது. அவர் முப்பது நாற்பது மீன் சேர்ந்ததும் தொட்டியை மூடிவிட்டு, இது இரைதான், எடு கையை என்கிற மாதிரி சிரித்தார்.

இதற்குப் பிறகுதான் அந்த ஆளின் வித்தை. இரண்டு மணி நேரம் எங்கேயும் நிற்கவில்லை. ஓட்டுவார், எஞ்சினை அணைப்பார், நிற்பார், பார்ப்பார், மறுபடி ஓட்டுவார். நானும் பார்த்தேன், எனக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீர்தான். அவர் பார்த்தது பறவைகளை. அதுவும் சும்மா பறக்கிறவற்றை இல்லை. ஒரே இடத்தில் விழுந்து விழுந்து எழுகிறவற்றை. நெத்திலிக் கூட்டத்தைக் கீழேயிருந்து மயில் மீன் மேலே துரத்தும், மேலேயிருந்து பறவை கொத்தும். அது தெரிந்ததும் படகை நேரே விடவில்லை. நூறு மீட்டருக்கு முன்பே அணைத்து, நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்து, எங்களை அதன்மேல் மிதக்க விட்டார். உயிர்க் கும்புளாவை முதுகில் கோத்து, நரம்பில் ஒரு பலூனைக் கட்டி விட்டோம். எனக்குச் சிவப்பு, பையனுக்கு மஞ்சள். பிறந்தநாள் வீடு மாதிரி இருந்தது. என் மயிலிறகுத் தக்கையின் பெரிய அண்ணன் இது என்று நினைத்துக்கொண்டேன்.

சிவப்பு பலூன் நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக நகர்ந்தது. குளத்தில் வளர்ந்தவன் கை என்ன செய்யும்? வெடுக்கென்று தூக்கப் போனேன். தெகோங் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "துங்கு, துங்கு" என்றார். பொறு என்று அர்த்தம். ரீலிலிருந்து நரம்பு போய்க்கொண்டே இருக்கிறது, மனுஷன் கையை விடவில்லை. வட்டக் கொக்கியில் வெட்டி இழுக்கக் கூடாதாம். மீன் திரும்பிப் போகிற வேகத்திலேயே கொக்கி வாயோரத்தில் போய் உட்காரும். நாம் நரம்பை இறுக்கினால் மட்டும் போதும். கையை விட்டார். இறுக்கினேன். அறுபது எழுபது மீட்டர் தள்ளிக் கடல் கிழிந்து அது வெளியே வந்தது. முதுகில் படகுப் பாய் மாதிரி இருக்கிற அந்தத் துடுப்பு முழுக்க விரிந்து, வாலால் தண்ணீர் மேல் நடந்தது. நான் ரீலைச் சுற்ற மறந்துவிட்டேன். சேஃப்டி ஆபீசர் என் பின்னால் நின்று தமிழில் கெட்ட வார்த்தை சொன்னார். பட்டறையில் யாரிடமோ கற்றுக்கொண்டிருக்கிறார்.

இருபத்தைந்து நிமிஷம். நாள் முழுக்க வெல்டிங் டார்ச் பிடிக்கிற கை எனக்கு, ஆனாலும் முழங்கைக்குக் கீழே நடுக்கம் நிற்கவில்லை. படகோரம் வந்ததும் உதவியாள் கையுறையோடு அலகைப் பிடித்தான். படகை மெதுவாக ஓடவிட்டார்கள், வாய் வழியாகத் தண்ணீர் போய் மீனுக்கு மூச்சு வரட்டும் என்று. தொட்டுப் பார் என்றார்கள். அலகு 80 நம்பர் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. உடம்பு முழுக்க நீலப் பொட்டு வரிசை வரிசையாக, உள்ளே யாரோ விளக்குப் போட்ட மாதிரி எரிகிறது. கண் எலுமிச்சம்பழ அளவு, அது உருண்டு என்னைப் பார்த்தது. முப்பத்தைந்து கிலோ இருக்கும் என்றார் தெகோங். படத்தில் இருப்பது நான்தானா என்று மனைவி இன்றும் கேட்கிறாள், அவ்வளவு அசட்டுச் சிரிப்பு. விட்டதும் ஒரே அடி, காணோம்.

நல்லதை மட்டும் சொல்லக் கூடாது. மதியம் பையனின் மீன் கொக்கியைச் செவுளில் வாங்கிக்கொண்டது. அவன் தான் கொண்டுவந்த பழைய கொக்கியைத் தெரியாமல் மாட்டிவிட்டிருந்தான், வட்டக் கொக்கி இல்லை. படகோரம் வரும்போதே தண்ணீர் சிவந்திருந்தது. தெகோங் அரை மணி நேரம் அதை ஓட்டத்தில் பிடித்துப் பார்த்தார். நிமிரவில்லை. ஏற்றிவிட்டோம். பத்து நிமிஷத்தில் அந்த நீலமெல்லாம் போய் ஈயத் தகடு மாதிரி ஆகிவிட்டது. அவர் யாரையும் திட்டவில்லை. அதற்கப்புறம் கரை வரும்வரை பேசவும் இல்லை. அந்த மீனைக் காலை டீக்கடைக்காரர் குழம்பு வைத்துக் கொடுத்தார். மசாலா அருமை, மீன் நார் நாராக இருந்தது.

நான் சொல்ல வருவது இதுதான் தம்பி. நாம் வாடகை கொடுப்பது படகுக்கோ எஞ்சினுக்கோ இல்லை, தெகோங்குக்கு. முதல் படகும் இரண்டாவது படகும் பார்க்க ஒரே மாதிரிதான் இருந்தன. அதனால் பணம் கட்டுவதற்கு முன் ஓட்டப்போகிறவரிடமே போனில் பேசுங்கள், இடைத்தரகரிடம் இல்லை. நேற்று எங்கே போனீர்கள், என்ன கிடைத்தது என்று கேளுங்கள். நல்ல ஆளாக இருந்தால் "நேற்று ஒன்றும் இல்லை" என்றும் சொல்வார். எந்நேரமும் அள்ளலாம் என்கிறவரை விட்டுவிடுங்கள். மோசமான வானிலை என்றால் பணம் திரும்ப வருமா, நாள் மாறுமா என்று எழுத்தில் வாங்குங்கள். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று ஏறுவதற்கு முன் எண்ணிப் பாருங்கள், இது சேஃப்டி ஆபீசரின் சார்பாக. படுத்துக் கிடந்த நண்பருக்கு முதல் நாள் இரவே மாத்திரை கொடுங்கள். வாந்தி ஆரம்பித்தபின் கொடுத்தால் மாத்திரையும் கடலுக்குத்தான் போகும்.

கனவு என்று கேட்டால் ஆஸ்திரேலியாவில் கேர்ன்ஸ். 1966 செப்டம்பரில் அங்கே ஒரு சின்னப் படகில் போனவர்கள் 1,064 பவுண்டு கருப்பு மார்லினைப் பிடித்தார்கள். அந்த ஒரு மீனுக்குப் பிறகுதான் அந்த ஊருக்கே சார்ட்டர் படகுகள் குவிந்தன. செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை பவளத்திட்டின் வெளி ஓரத்தில் பெரிய பெண் மார்லின்கள் வரும். ஒரு நாள் வாடகை எனக்கு இரண்டு மாசச் சம்பளம். மகள் பாலிடெக்னிக் முடிக்கட்டும், பார்க்கலாம்.

பருத்தித்துறையான் (டொராண்டோ) எழுதியது:

அண்ணை, வாழைப்பழக் கதையை வாசிச்சுச் சிரிச்சு முடியேல்லை. இங்கேயும் அதே சட்டம்தான். எங்கடை கப்டன் வாழைப்பழ வாசமுள்ள சன் கிறீமுக்கே முகம் சுளிச்சவர்.

நான் சொல்லப்போவது கடல் இல்லை, ஏரி. ஒன்ராறியோ ஏரியில் ஓகஸ்ட் மாதம் சினூக் சமன் (சால்மன்) மீன் பிடிக்கப் போர்ட் கிரெடிட் துறையிலிருந்து சார்ட்டர் எடுத்தோம். நான், மச்சான், அவருடைய இரண்டு பெடியள். சினூக் உண்மையில் பசிபிக் பக்கத்து மீன். 1960களின் கடைசியில் கொண்டுவந்து இந்த ஏரியில் விடத் தொடங்கினவை. ஓகஸ்டில் ஆற்றுக்கு ஏறுவதற்காக ஆற்று வாய்ப் பக்கம் வந்து கூடும். விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டோம். கரை தெரியாத தண்ணி, அலை இருக்கு, ஆனால் உப்பு மணம் இல்லை. அது எனக்கு ஏதோ பிழை மாதிரியே இருந்தது. நாக்கில் தொட்டுக்கூடப் பார்த்தேன்.

முறையும் வேறை. பெரிய ஈயக் குண்டைக் கம்பியில் கட்டி நூறு அடிக்கு இறக்குவினம். அந்தக் கம்பியில் ஒரு கிளிப், அதில் எங்கடை தங்கூசி நூல். படகு மெல்ல ஓட, இரை அந்த ஆழத்திலேயே பின்னால் வரும். மீன் கவ்வினால் கிளிப் கழண்டு, வளைஞ்சு நின்ற ராடு சடாரெண்டு நிமிரும். அப்ப ஓடிப்போய்த் தூக்க வேணும். இரைக்குப் பச்சைத் தகடும் அதுக்குப் பின்னால் வெள்ளைக் குஞ்சமும். உயிர் இரை இல்லை. சின்னப் பெடியன் பன்னிரண்டு வயசு, இருபத்திரண்டு றாத்தல் மீனை மச்சான் இடுப்பில் பிடிச்சுக்கொள்ள இழுத்து முடிச்சான். முடிச்சவுடனை அழுதிட்டான், ஏனெண்டு அவனுக்கே தெரியாது.

வீட்டை கொண்டு வந்து அம்மாவிடம் குடுத்தேன். துண்டத்தைப் பார்த்திட்டு, "இதென்னடா றோஸ் கலரில், பழுதாப் போச்சோ?" எண்டா. பிறகு பொரிச்சுச் சாப்பிட்டவா, ஆனால் அறக்குளாவுக்குக் கிட்ட வராது எண்டு முடிவாச் சொல்லிப்போட்டா. நானும் அதையேதான் நினைச்சேன், சொல்லேல்லை. ஒண்டு, லைசென்ஸ் எடுக்காமல் ஏறாதையுங்கோ. படகுக்காரர் கேட்காவிட்டாலும் அதிகாரி துறையில் நிண்டு கேட்பார்.

என்ரை கனவு பெரிசில்லை. வைகாசியில் ஊருக்குப் போய், கடல் படுத்திருக்கிற நாளில் சித்தப்பாவின்ரை வள்ளத்தில் அறக்குளாவுக்குப் போக வேணும். அவருக்கு நாள் வாடகை குடுத்தால் அடிப்பார், அதால் சார்ட்டர் கணக்கில் வராது.

மாசிக்கருவாடு (தூத்துக்குடி) எழுதியது:

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தூண்டில் தொழில். அப்பா கைத்தூண்டில். ராடும் இல்லை, ரீலும் இல்லை. சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி விரலில் மாட்டிக்கொண்டு நரம்பைப் பிடிப்பார். அப்படியும் ஆள்காட்டி விரலில் மூட்டுக்கு மேலே ஒரு பள்ளம் இருக்கும், அதில் நான் சின்ன வயதில் பென்சிலை வைத்து விளையாடியிருக்கிறேன். நீங்கள் மயில் மீன் என்று சொல்வதை நாங்கள் தளபத்து என்றும் சொல்வோம். அண்ணன் அதை நார் நாராக இருந்தது என்கிறார். சமைத்தவர் மேல்தான் தப்பு. புட்டு செய்ய அதைப் போல மீன் கிடையாது.

காசு கொடுத்துப் போய்ப் பிடித்துத் திரும்ப விடுகிறார்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "டீசல் யாரு போடுறா?" என்று மட்டும் கேட்டார்.

நம் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு விஷயம். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை உள்ள 21 தீவுகளும் 1986லிருந்து தேசியப் பூங்கா. தீவுப் பக்கம் கூட்டிப் போகிறேன், அங்கே நல்ல கலவா கிடைக்கும் என்று யாராவது ஆசை காட்டினால் ஏறாதீர்கள். வனத்துறை பிடித்தால் படகுக்காரரோடு நீங்களும் நிற்க வேண்டும்.

நான் போக ஆசைப்படுவது லட்சத்தீவில் உள்ள மினிக்காய். இங்கே எங்கள் கடைத்தெருவில் விற்கிற மாசி, அதாவது சூரைக் கருவாடு, மாலத்தீவிலிருந்தும் அந்தப் பக்கத்திலிருந்தும் வருகிறது. அந்தச் சூரையை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். உயிரோடு குட்டி மீனைக் கடலில் வாரி இறைத்து, தண்ணீரைப் பீய்ச்சி அடித்து மழை மாதிரி செய்வார்கள். சூரைக்கு வெறி பிடித்துவிடும். பின்பக்கம் வரிசையாக நின்று கம்பை வீசுவார்கள், கொக்கியில் முள் கிடையாது. மீன் தலைக்கு மேலே பறந்து வந்து படகுக்குள் தானாகக் கழன்று விழும். கம்பு உடனே மறுபடி கடலில். ஒரு நாள் அந்த வரிசையின் கடைசியில் என்னையும் நிற்க விட்டால் போதும்.

தீவுக்காரன் (அந்தமான்) எழுதியது:

டிசம்பர் கடைசி என்றால் இங்கே வாருங்கள். சென்னையிலிருந்து நேர் விமானம். போர்ட் பிளேருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர், ஆனால் படகுக்காரர்கள் இன்னும் பிளேர் என்றுதான் சொல்கிறார்கள். தமிழ் பேசினாலே ஊர் சுற்றிவிடலாம்.

நான் மூன்று சீசன் ஒரு சார்ட்டரில் உதவியாளாக இருந்தேன். இங்கே எல்லாரும் தேடி வருவது ஜி.டி., அதாவது ராட்சசப் பாறை மீன். நீங்கள் ஃபைபர் படகில் பிடித்த உள்ளங்கைப் பாறையின் பெரியப்பா. முறை, பாப்பர் என்கிற கட்டை இரையை வீசுவது. நூறு நூற்றைம்பது கிராம் கட்டையைப் பவளப்பாறை ஓரத்தில் வீசி, பளக் பளக் என்று தண்ணீர் தெறிக்க இழுத்துக்கொண்டு வர வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு தடவை. முதல் நாள் எல்லாரும் சிங்கம் மாதிரி வீசுவார்கள், இரண்டாம் நாள் காலையில் காபி டம்ளரைத் தூக்க முடியாது. ஆனால் அது அடிக்கிற அடி இருக்கிறதே, கடலில் யாரோ ஃபிரிட்ஜைப் போட்ட மாதிரி சத்தம். அடித்தவுடன் பவளப்பாறைக்கு ஓடும், ஓடவிட்டால் நரம்பு அறுந்தது. அந்த முதல் பத்து விநாடிதான் எல்லாம்.

நல்ல படகுகளில் முள்ளை நசுக்கிய கொக்கிதான், ஜி.டி.யை விட்டுவிட வேண்டும். சாப்பாட்டுக்கு விளமீனோ சூரையோ கிடைக்கும். பாரன் தீவுப் பக்கம் எரிமலையைப் பார்த்துக்கொண்டே தூண்டில் போடலாம், ஆனால் சுமார் 140 கிலோமீட்டர், கடல் படுத்திருந்தால்தான். ஐந்து பேருக்கு முதல் தடவையே அதைக் கேட்காதீர்கள். வடக்கு சென்டினல் தீவைச் சுற்றி ஐந்து கடல் மைலுக்குள் யாரும் போகக் கூடாது, வேடிக்கைக்குக்கூடக் கேட்காதீர்கள். கழிமுகத்தில் இறங்கிக் காலைக் கழுவுகிற பழக்கத்தையும் விட்டுவிட்டு வாருங்கள், முதலை உண்டு.

கோவளம்_தூண்டில்:

எல்லாருக்கும் நன்றி. ஐந்து பேரும் உட்கார்ந்து படித்தோம். அந்தமான் என்று முடிவாகிவிட்டது, மூன்று நாள், கிட்டத்தில் உள்ள பவளப்பாறைகள் மட்டும். அண்ணன் சொன்னபடி படகோட்டியிடமே பேசினேன். நேற்று என்ன கிடைத்தது என்று கேட்டதற்கு, "நேத்து ஒண்ணுமில்ல சார், ரெண்டு அடிச்சுது, ரெண்டும் அறுத்துட்டுப் போயிடுச்சு" என்றார். முன்பணம் கட்டிவிட்டேன். அடுத்த வருஷம் செப்டம்பர் ரொம்பினுக்கு.

ஒரே ஒரு சந்தேகம் அண்ணே. வலைக்குவியலில் படுத்துக் கிடந்த ஆசாமிக்கு நேந்திரம் சிப்ஸ் இல்லாமல் பொழுது போகாது. அது வாழைப்பழக் கணக்கில் வருமா?

இரும்புப்பட்டறை:

இன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் சேஃப்டி ஆபீசரிடம் கேட்டேன். நீண்ட நேரம் யோசித்தார். பழுத்ததா காயா என்று கேட்டார். காய் என்றேன். எண்ணெயில் பொரித்ததா என்றார். ஆமாம் என்றேன். "துறையிலேயே தின்று முடிக்கச் சொல்" என்றார்.